டாண்டம் குதித்தாயிற்று, தனியாகக் குதிக்க எவ்வளவு ஆகும்?

டர்பனில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் திருச்சியிலிருந்து வந்தவர். போன மாதம் ஆபீஸ் நண்பர்களோடு போய், விமானத்திலிருந்து பாராசூட்டில், பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு டாண்டம் குதித்திருக்கிறார். 3,500 ரேண்ட் ஆயிற்றாம். இறங்கியதிலிருந்து வேறு நினைப்பே இல்லை. தனியாகக் குதிக்கக் கற்றுக்கொள்ள கிளப்பில் விசாரித்தபோது அவர்கள் போட்ட கணக்கைக் கேட்டு மலைத்துப் போய்விட்டார். “ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்பணும், வாடகை இருக்கு, கார் தவணை இருக்கு. 40 வினாடிக்கு ஏன் இவ்வளவு வாங்குறாங்க? இது பணக்காரங்க விளையாட்டுதானா அண்ணா?” என்பது கேள்வி.

தம்பி, மாதச் சம்பளக்காரனால் முடியும். நான் மாதச் சம்பளக்காரன்தான். ஜோகன்னஸ்பர்க்கில் ஆறு வருடம், டர்பனில் எட்டு வருடமாகக் குதிக்கிறேன், ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டே. ஆனால் பணம் எங்கே போகிறது என்று தெரியாமல் இறங்கினால் பாதியில் நிற்க வேண்டிவரும். பாதியில் நின்றால்தான் இந்த விளையாட்டு நிஜமாகவே கையைக் கடிக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த 40 வினாடி. 10,000 அடியில் விமானத்தை விட்டு வெளியேறி, 4,000 அடியில் பாராசூட்டைத் திறந்தால் நடுவில் 6,000 அடி விழுகிறீர்கள். முதல் ஆயிரம் அடிக்குப் பத்து வினாடி பிடிக்கும். அதற்குள் உடம்பு மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். பிறகு ஆயிரம் அடிக்கு ஐந்தரை வினாடிதான். டிக்கெட் காசை வினாடியால் வகுத்தால் யாருக்கும் தலை சுற்றும். வகுக்க வேண்டியது விமானம் பறந்த நேரத்தால். நீங்கள் வாங்குவது ஒரு விமானத்தில் ஒரு பங்கு.

சின்ன கிளப்புகளில் ஓடுவது செஸ்னா 182. பைலட்டைத் தவிர நான்கு பேர்தான் ஏறலாம். பைலட் இருக்கையைத் தவிர மற்ற இருக்கைகளைக் கழற்றிவிட்டு, தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து போவோம். 10,000 அடி ஏற அரை மணி நேரம்கூட ஆகும். குடிக்கிற எரிபொருள் நம் காருக்குப் போடுகிற பெட்ரோல் இல்லை. ஈயம் கலந்த ஏவ்கேஸ். அதைவிடப் பெரிய செலவு என்ஜின். இந்த ரக பிஸ்டன் என்ஜினை 1,500 மணி நேரத்திலிருந்து 2,000 மணி நேரத்துக்குள் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். குதிப்பு விமானம் நாள் முழுக்க ஏறுவதும் இறங்குவதுமாகவே இருப்பது. மேலே முழு வேகத்தில் கொதித்த என்ஜின், நாங்கள் குதித்த மறு நிமிடம் சும்மா சுற்றிக்கொண்டு குளிர்காற்றில் இறங்கினால் சிலிண்டரில் விரிசல் விழும். அதனால் பைலட் அவசரப்படாமல் என்ஜினை மெல்ல ஆறவிட்டு இறக்க வேண்டும். அந்த நிமிடங்களுக்கும் எரிபொருள் உண்டு. எல்லாம் நான்கு தலைக்கு வகுபடுகிறது. மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் மூன்று தலைக்கு. லோடு, அதாவது விமானத்தில் இடம், நிரம்பும்வரை பெயர் பதிகிற மேனிஃபெஸ்ட் மேசையில் உட்காரவைத்திருப்பது இதற்காகத்தான்.

பெரிய கிளப்புகளில் செஸ்னா கேரவன் மாதிரி டர்பைன் விமானம் இருக்கும். ஒரே தடவையில் பதினைந்து பேர் அளவுக்கு ஏறுவார்கள், பாதி நேரத்தில் மேலே போய்விடும். ஆனால் அந்த என்ஜினை 3,600 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரிக்கிற செலவு சில லட்சம் டாலர். ஆள் நிறைய வந்தால் மட்டுமே கட்டுப்படியாகும்.

இந்த நாட்டில் இன்னொரு விஷயம் உண்டு. ஜோகன்னஸ்பர்க் கிளப் குதிக்கிற கார்லிட்டன்வில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. விமானம் ஓடுபாதையில் நிற்கும்போதே ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் நிற்கிறது. தரையிலிருந்து 10,000 அடி என்றால் கடல்மட்டக் கணக்கில் 15,000 அடி. அங்கே காற்று மெலிந்திருக்கும், டர்போ இல்லாத பிஸ்டன் என்ஜின் திணறும், கடைசி 2,000 அடியை ஏறுவதற்குள் உள்ளே இருப்பவர்களுக்கு விரல் விறைத்துவிடும். டர்பன் பக்கம் தரை தாழ்வு என்பதால் அதே விமானம் அதே உயரத்துக்குச் சுளுவாக ஏறும். அந்த வகையில் நீங்கள் இருக்கிற ஊர் உங்களுக்குச் சாதகம்.

இப்போது பயிற்சி. கிளப்பில் உங்களுக்குச் சொன்ன பெரிய தொகை ஏ.எஃப்.எஃப். (ஆக்சிலரேட்டட் ஃப்ரீஃபால்) முறைக்கானது என்று நினைக்கிறேன். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த முறை அது. முதல் குதிப்பிலேயே முழு உயரத்திலிருந்து விழுவீர்கள். முதல் மூன்று நிலைகளில் இரண்டு பக்கமும் இரண்டு பயிற்றுநர்கள் உங்களைப் பிடித்துக்கொண்டே கூட விழுவார்கள், நான்காவதிலிருந்து ஒருவர். ஆக ஒரு குதிப்புக்கு விமானத்தில் மூன்று இடம், மூன்றுக்கும் காசு உங்களுடையது. அதோடு பயிற்றுநர் கூலி, ரிக் (பாராசூட் அடங்கிய முழு முதுகுப்பை) வாடகை, பாராசூட்டை மடிக்கிறவர் கூலி. சாதாரண டிக்கெட் 400 முதல் 600 ரேண்ட் வரை இருக்கிற இடத்தில் இது பல மடங்கு ஆவதற்குக் காரணம் இதுதான், இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்தப் பயிற்றுநர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டே தங்கள் உயரமானியையும் பார்த்து, தப்பான நேரத்தில் நீங்கள் உறைந்துபோனால் உங்கள் கைப்பிடியை அவர்களே இழுத்துத் திறப்பார்கள். அவர்கள் வாங்குகிற கூலி குறைவு என்பதே என் கருத்து.

இதற்கு மாற்று ஸ்டேட்டிக் லைன். தென்னாப்பிரிக்காவில் இன்னும் பல கிளப்புகளில் நடக்கிற பழைய முறை. உங்கள் பாராசூட்டிலிருந்து ஒரு நாடாவை விமானத்தில் மாட்டியிருப்பார்கள். 3,000, 3,500 அடியில் வெளியேறினால் அதுவே பாராசூட்டை இழுத்துத் திறந்துவிடும். விமானம் பாதி உயரம்கூட ஏற வேண்டாம், ஒரே பயிற்றுநர் ஒரே லோடில் பல மாணவர்களை அனுப்பலாம், அதனால் மலிவு. போகப் போக நீங்களே இழுக்கப் பழகி, ஐந்து வினாடி, பத்து வினாடி என்று தாமதத்தைக் கூட்டிக்கொண்டு முழு உயரத்துக்கு வருவீர்கள். நாள் அதிகம் பிடிக்கும். ஆனால் முதல் பத்துக் குதிப்பும் கேனபியை, அதாவது விரிந்த பாராசூட் துணியை, ஓட்டுவதிலும் தரையிறங்குவதிலுமே போகும். இந்த விளையாட்டில் எலும்பு உடைவது பெரும்பாலும் நன்றாகத் திறந்த கேனபியின் கீழே, தரைக்குப் பக்கத்தில்தான். அதனால் கையில் காசு குறைவாக இருக்கிற தம்பிக்கு ஸ்டேட்டிக் லைனை நான் மனதாரச் சொல்வேன்.

தனியாகக் குதிப்பவருக்கான முதல் உரிமமான ஏ லைசென்ஸுக்கு 25 குதிப்பு வேண்டும். இந்தக் கட்டம் முழுக்கக் கிளப்பின் ரிக்தான். நீங்கள் ஒன்றும் வாங்க வேண்டாம். வாங்கக்கூடாது என்றே சொல்வேன்.

ஏனென்றால் ரிக்தான் இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பெரிய ஒற்றைச் செலவு. முதுகில் மாட்டுகிற பை, பிரதான கேனபி, அவசரத்துக்கான ரிசர்வ் கேனபி, தானாகத் திறக்கும் கருவி எல்லாம் சேர்ந்து புதிதாக 7,000 முதல் 10,000 அமெரிக்க டாலர். 2010இல் டாலருக்கு ஏழு ரேண்ட் சொச்சம் இருந்தது. இப்போது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 18 ரேண்ட் கணக்கில் போட்டால் 1,26,000இல் தொடங்குகிறது. அமெரிக்காக்காரனுக்கு விலை ஏறாத பொருள்கூட நமக்கு ஏறிக்கொண்டே போனது இதனால்தான்.

இத்தனைக்கும் கேனபி தைக்கிற தொழில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பாராசூட் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் வோர்டெக்ஸ் பை இந்த நாட்டுச் சரக்கு. ஏரோடைன் கேனபிகளும் தென்னாப்பிரிக்காவில் தைக்கப்பட்டு உலகம் முழுக்கப் போனவை. ஆனால் துணியும் கயிறும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதால் டாலர் விட்டபாடில்லை.

ஒரு தடவை என் கேனபியை வெயிலில்லாத வராந்தாவில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு ஆயா வந்தார்கள். டர்பனில் இந்தியர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் அந்தத் தலைமுறைப் பெண்கள் நிறையப் பேரைப் போல அவர்களும் துணி ஆலையில் முப்பது வருடம் மிஷினில் உட்கார்ந்தவர்கள். பேசுகிற தமிழ் கொஞ்சம், ஆங்கிலம் அதிகம். ஆனால் துணி என்று வந்துவிட்டால் விரலே பேசும். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, கேனபியின் இரண்டு காற்றறைகள் சேருகிற தையலைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே ஒரு கை நீளம் போனார்கள். ஓரம் உள்ளே மடிந்து மறுபடி மடிந்து, அதன்மேல் இரண்டு வரிசை ஓடியிருந்தது. அதற்குள்ளே நாடா. நாடாவில் கயிறு சேருகிற இடத்தில் நெருக்கமான குறுக்குத் தையல். “எத்தனை கெஜம் இருக்கும் இந்த மாதிரி?” என்றார்கள். ஒன்பது அறை, மேலும் கீழும், பக்கச் சுவர் வேறு என்று காட்டினேன். “பீஸ் கணக்குக்கு இது கட்டாதுப்பா. நாள் சம்பளம் கொடுத்துத்தான் தைக்க வைக்கணும். அவசரப்பட்டா போச்சு,” என்றார்கள். கேனபி ஏன் இந்த விலை என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எந்தக் கடைக்காரரிடமும் கேட்டதில்லை.

தானாகத் திறக்கும் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனியிலிருந்து 1991இல் சைப்ரஸ் என்கிற கருவி வந்தபிறகு இந்த விளையாட்டே மாறிப்போனது. மயக்கமடைந்தோ, உயரம் மறந்தோ நீங்கள் விழுந்துகொண்டே இருந்தால், சுமார் 225 மீட்டர் உயரத்தில், வேகம் வினாடிக்கு 35 மீட்டருக்கு மேல் இருப்பதைப் பார்த்து, ரிசர்வ் பையை மூடியிருக்கிற கயிற்றை அதுவே அறுத்துவிடும். ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிற சின்னப் பெட்டி. ஆயுள் முடிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இப்போது வருகிற சைப்ரஸுக்கு பதினைந்தரை வருடம். பல பேர் ஒரு தடவைகூட அது வேலை செய்து பார்க்காமலே ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அந்தக் காசை வீண் என்று யாராவது சொன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விமானம் ஏறாதீர்கள்.

பழைய ரிக் வாங்கலாமா? வாங்கலாம், பெரும்பாலோர் அப்படித்தான் தொடங்குகிறோம்; 3,000 டாலரை ஒட்டிக்கூடக் கிடைக்கும். ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 60 குதிப்பு முடிந்த சமயம், ஒருவர் நாட்டைவிட்டுப் போகிறார், 28,000 ரேண்டுக்கு முழு ரிக் என்று கேள்விப்பட்டு அன்று மாலையே பணத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ரிசர்வ் பையின் அட்டையை எடுத்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற கருவிக்கு இன்னும் பதினான்கு மாதம்தான் ஆயுள். கேனபி 150 சதுர அடி. நான் 82 கிலோ. ரிக், உடை, ஹெல்மெட் எல்லாம் பத்துக் கிலோ. 92 கிலோ என்பது 203 பவுண்டு. அதை 150ஆல் வகுத்தால் 1.35, அதாவது ஒரு சதுர அடித் துணி தாங்க வேண்டிய பவுண்டு. புதிதாகக் குதிப்பவருக்கு அந்த எண் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது, அதாவது எனக்கு 203 சதுர அடிக்குக் குறையாத கேனபி வேண்டியிருந்தது. அதிலும் நான் அப்போது குதித்தது கார்லிட்டன்வில் மாதிரி மேட்டு நிலத்தில். மெல்லிய காற்றில் அதே கேனபி கடற்கரையைவிட ஏழெட்டு சதவீதம் வேகமாகத் தரைக்கு வரும். பயிற்றுநர் அதைப் போட்டுக் குதிக்க அனுமதிக்கவில்லை, அவர் செய்தது சரி. நஷ்டத்துக்கு விற்று, வேறு கேனபி வாங்கி, கருவியும் மாற்றி முடித்தபோது நிதானமாக நல்லதாகவே வாங்கியிருக்கலாம் என்கிற தொகை ஆகிவிட்டது. பணம் கைமாறுவதற்கு முன் ரிக்கை ஒரு ரிக்கரிடம், அதாவது ரிக்கைச் சோதித்துப் பராமரிக்கிறவரிடம், கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் துணியை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே வைத்து இழுத்துப் பார்ப்பார், கயிறுகளை ஒன்றாக நிறுத்தி எது சுருங்கியிருக்கிறது என்று பார்ப்பார், பிரதான கேனபியைக் கழற்றிவிடுகிற மூன்று வளையங்களைச் சோதித்துப் பார்ப்பார். அவருக்குக் கொடுக்கிற சில நூறு ரேண்ட் போல லாபமான செலவு வேறில்லை.

இனி நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட் விலையைவிட, இரண்டு குதிப்புக்கு நடுவில் விடுகிற இடைவெளிதான் அதிகச் செலவு வைக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் நான் ஏ.எஃப்.எஃப். தொடங்கியபோது கையில் இருந்தது நான்கு குதிப்புக்கான பணம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்துவிட்டேன். நான்காவது நிலை முடிந்ததும் பணம் தீர்ந்தது, ஊரில் தங்கை கல்யாணமும் வந்தது, நான்கு மாதம் போகவில்லை. திரும்பிப் போனபோது தரைப் பயிற்சியை மறுபடி எடுக்கச் சொன்னார்கள், நான்காவது நிலையைத் திரும்பக் குதிக்க வேண்டியிருந்தது, ஐந்தாவதில் தேறாமல் அதையும் இன்னொரு தடவை. அதைவிட மோசம் பயம். கதவருகே கால் வைத்தபோது உடம்பு எல்லாவற்றையும் மறந்துபோயிருந்தது. பயந்த உடம்பு விறைக்கும், விறைத்த உடம்பு காற்றில் உருளும், உருண்டால் அந்த நிலை போயிற்று, மறுபடியும் மூன்று இடத்துக்கோ இரண்டு இடத்துக்கோ காசு. லைசென்ஸ் எடுத்த பிறகும் இதே கதைதான். நீண்ட நாள் வராதவரைப் பயிற்றுநரோடு ஒரு குதிப்பு குதித்துக் காட்டச் சொல்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர், மாதம் நான்கு குதிக்கிறவரைவிட ஒரு குதிப்புக்கு அதிகம் கொடுக்கிறார். கற்றுக்கொள்வதோ கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, ஆபத்தும் அவருக்குத்தான் கூட.

ஆகவே இப்போது தொடங்காதீர்கள். மாதம் 3,000 ரேண்ட் உங்களால் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதம் சேர்த்தால் 30,000. கிளப்புக்குக் கிளப் கணக்கு மாறும். ஆனால் ஸ்டேட்டிக் லைனில் தொடங்கி, தவறினதைத் திரும்பக் குதிப்பதையும் சேர்த்து, ஏ லைசென்ஸ்வரை போக அது போதும் என்பது நான் பல பேரைப் பார்த்துச் சொல்கிற மதிப்பீடு. ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ ஆரம்பியுங்கள். மழை ஓய்ந்திருக்கும், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். கோடையில் ஆரம்பித்தால் சனி ஞாயிறு முழுக்க மேகத்தைப் பார்த்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்துவிட்டு, பெட்ரோல் செலவோடு திரும்ப வேண்டியிருக்கும். ஆகஸ்டில் காற்று கூடிவிடும். மாணவர்களுக்குக் காற்று வரம்பு கண்டிப்பு. மே, ஜூன், ஜூலை மூன்று மாதத்தில் வாராவாரம் போய் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு மாதம் நான்கு குதிப்பு, டிக்கெட் 500 என்று வைத்தால் 2,000. மிச்சம் ஆயிரத்தில் ரிக் வாடகையும் வருடாந்திரச் சங்கக் கட்டணமும் அடங்கும். கேனபி மடிக்கக் கற்றுக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் மடிப்புக் கூலி மிச்சம். புதுத் துணி வழவழவென்று கையில் நிற்காது. காற்றை நெஞ்சால் அழுத்தி வெளியேற்றி, மூட்டையைப் பைக்குள் திணிப்பதற்குள் முதல் ஒரு மாதம் வியர்த்துக் கொட்டும், நாற்பது நிமிடம் ஆகும். ஐம்பது தடவை மடித்தபின் பதினைந்து நிமிடம். தன் கையால் மடித்ததை நம்பிக் குதிக்கிற நாள் உங்களுக்கு மறக்காது. ரிசர்வை மட்டும் தொடக்கூடாது; அது தகுதி பெற்ற ரிக்கரின் வேலை, குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து மடித்து முத்திரை வைக்க வேண்டும். அதற்கும் தனியாகக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு நீங்கள்தான் ஆதாரம் என்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். ஆயுள் காப்பீடு வைத்திருந்தால், குதிக்கப் போகிறேன் என்று அவர்களிடம் எழுதிச் சொல்லிவிடுங்கள். தவணை கொஞ்சம் ஏறலாம். சொல்லாமல் மறைத்தால், அசம்பாவிதம் ஒன்று நடந்தபின் அம்மா கையில் ஒன்றும் போய்ச்சேராமல் போகக்கூடும். இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துத்தான் முடியுமா முடியாதா என்று முடிவெடுக்க வேண்டும்.

சேமிக்கிற பத்து மாதமும் கிளப்புக்கு வராமல் இருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், ஏழு மணிக்கெல்லாம் முதல் லோடு ஏறிவிடும். மடிக்கிற பாயில் உட்கார்ந்து பாருங்கள், நானே சொல்லித்தருகிறேன், அதற்குக் காசில்லை. மாணவர்கள் இறங்குகிற பக்கம் நின்று யார் காற்றை எதிர்த்து வருகிறார், யார் திரும்பத் தாமதித்தார் என்று கவனித்தாலே பாதி பாடம் ஆகிவிடும். வருவதற்கு முன் ஷூவும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு உங்கள் எடையைச் சரியாகப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்தக் கேனபி உங்களுக்கு என்ற பேச்சை அந்த எண்ணிலிருந்து ஆரம்பிப்போம்.